வாகனம்: கேள்வி – பதில்

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த லான்சர் எவலூஷன் டர்போ கார். பூஸ்டை (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை) 1.5 பாருக்கு ஏற்றி டியூன் செய்திருக்கிறேன். பெற்றோல் செட்டில் 95 ஒக்டேன் இல்லாத நாளில் பாதி 92 கலந்து அடிக்கலாமா? (வாசகர், வாழைச்சேனை)

பதில்: மெதுவாக ஓட்டி வீடு போய்ச் சேர அடிக்கலாம். பூஸ்ட் ஏற்றக் கூடாது. பாதிக்குப் பாதி கலந்தால் கிடைப்பது ஏறத்தாழ 93.5 ஒக்டேன் (பெற்றோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு). அந்த எஞ்சினோ ஜப்பானின் உயர்ரகப் பெற்றோலுக்கென்று செய்தது. அங்கே அதன் தரநிலைக் குறைந்தளவே 96. அதாவது 95 கூட உங்கள் காருக்குப் போதாது, அதற்கு மேல் பூஸ்ட் வேறு.

பிளக் மூட்டிய தீ பரவி முடியுமுன், ஓரத்தில் அமுங்கிச் சூடேறிய கலவை தானாக வெடிப்பதுதான் நொக்கிங். பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள வரம்பு உடைவதும் ஹெட் கஸ்கட் போவதும் இதனால்தான். சத்தம் கேட்டதும் காலை எடுக்கலாம் என்று இருக்காதீர்கள். பெரிய சைலன்சர் போட்ட காரில் அது கேட்காது. ஈசியூ (எஞ்சினின் கணினி) ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திக் காப்பாற்றும், ஆனால் ஓர் எல்லைவரைதான்.

மேப்பை (ஈசியூவிலுள்ள எரிபொருள், ஸ்பார்க் அட்டவணையை) 95க்கே எழுதுவியுங்கள். அதையும் இரவுக் குளிரில் அல்ல, மட்டக்களப்பு மதிய வெயிலில் இன்டர்கூலர் (டர்போக் காற்றைக் குளிர்விப்பது) சூடேறிய பிறகு சோதிக்கச் சொல்லுங்கள். 92க்குப் பூஸ்ட் குறைந்த இரண்டாவது மேப் வேண்டும். அது இல்லையென்றால் பூஸ்ட் கண்ட்ரோலரை நிறுத்தி, வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை மீறாமல் காக்கும் வால்வு) ஸ்பிரிங் தரும் அழுத்தத்தோடு ஓடுங்கள். ஒக்டேன் பூஸ்டர் போத்தலில் உள்ள ‘10 பொயிண்ட்’ பெரும்பாலும் ஒரேயொரு ஒக்டேன்தான். விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கேள்வி: முழு பூஸ்டில் காற்று–எரிபொருள் மீற்றர் 11.3 காட்டும். இப்போது உச்ச ஆர்பிஎம்மில் 12.6க்கு ஏறுகிறது. டியூனை மாற்றவா? (வாசகர், கல்முனை)

பதில்: அந்த எண் ஏறினால் பெற்றோல் போதாமல் போகிறது என்று பொருள். மேப்பைத் தொடாதீர்கள், முதலில் பெற்றோல் பிரஷரை அளந்து பாருங்கள். பூஸ்ட் ஏறும் அளவுக்குப் பிரஷரும் ஏற வேண்டும்: பூஸ்ட் இல்லாதபோது 3 பார் என்றால், 1.5 பார் பூஸ்டில் 4.5 பார். ஏறாமல் விழுந்தால் பில்டர், பம்புக்குப் போகும் வயரின் வோல்டேஜ், பிறகு பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். பழைய மெல்லிய வயரில் புதுப் பம்ப் பூட்டியவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். சரியாகும்வரை முழு பூஸ்ட் வேண்டாம்.

கேள்வி: எதனோல் கலந்தால் ஒக்டேன் ஏறுமாமே? (வாசகர், அம்பாறை)

பதில்: ஏறும். ஆனால் எதனோலுக்குக் காற்று–எரிபொருள் விகிதம் 9 : 1, பெற்றோலுக்கு 14.7 : 1. மேப்பும் இன்ஜெக்டரும் மாறாமல் நிறையக் கலந்தால் கலவை மெலிந்து (எரிபொருள் போதாமல்), எதைத் தடுக்கக் கலந்தீர்களோ அதுவே நடக்கும். அது ஈரத்தையும் இழுக்கும். 10 சதவீதக் கலவையில் அரைச் சதவீதமளவு தண்ணீர் சேர்ந்தாலே எதனோல் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.