வாசகர் கேள்வி, எமது பதில்: பதினைந்து சதப் பாணும் அறுநூறு டொலர் காணியும்

1930களின் பொருளாதார மந்தத்தைப் பற்றிய நாவல்கள், அவற்றிலிருந்து வந்த திரைப்படங்கள் குறித்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

‘உலகப் பொதுவான கருப்பொருள்கள்’ எவை என்று கேட்டால் வறுமை, குடும்பம், நம்பிக்கை என்று எழுதுகிறேன். புள்ளி குறைகிறது. ஏன்?
– உயர்தர மாணவி, கொக்குவில்

வறுமை என்பது ஒரு தலைப்பு. அதைப் பற்றி அந்த நாவல் என்ன சொல்கிறது என்பதே கருப்பொருள். அது முழு வாக்கியமாக வரவேண்டும், யாரும் மறுத்துப் பேசக்கூடியதாகவும் இருக்கவேண்டும். ‘வறுமை கொடியது’ என்பதை மறுக்க ஆளில்லை. அதனால்தான் அதற்குப் புள்ளியும் இல்லை.

ஜோன் ஸ்ரைன்பெக்கின் ‘த கிரேப்ஸ் ஒவ் ராத்’ (1939) நாவலில் 15ஆம் அத்தியாயத்தை எடுங்கள். 66ஆம் இலக்க நெடுஞ்சாலையோரம் ஒரு சாப்பாட்டுக்கடை. கலிபோர்னியாவுக்குப் போகும் ஒருவர் பத்துச் சதத்துக்குப் பாண் கேட்கிறார். பாணின் விலை பதினைந்து சதம். வெட்டிக் கொடுக்கமுடியாது என்கிறாள் பரிமாறும் பெண். கொடுத்துவிடு என்று உள்ளேயிருந்து சமையற்காரர் அதட்டுகிறார். பிறகு அவருடைய இரண்டு பெடியள் மிட்டாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்று ஐந்து சதம் விற்கும் மிட்டாயை, ஒரு சதத்துக்கு இரண்டு என்று அந்தப் பெண்ணே சொல்லிக் கொடுக்கிறாள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த லொறிச் சாரதிகள் போகும்போது ஆளுக்கு அரை டொலர் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இங்கே யாரும் ‘தர்மம்’ என்ற சொல்லை எடுக்கவில்லை. விலையைப் பொய்யாகச் சொல்லித்தான் அவள் கொடுக்கிறாள். ஏனென்றால், தானமாக நீட்டியிருந்தால் அந்த மனிதர் வாங்கியிருக்கமாட்டார். இனி 26ஆம் அத்தியாயத்துக்குப் போங்கள். தோட்டத்துக் கடையில் சீனிக்குப் பத்துச் சதம் குறைகிறது. கடைச் சிப்பந்தி அதைத் தன் காசிலிருந்து போடுகிறார். கஷ்டத்தில் ஏழைகளிடமே போ, அவர்கள்தான் உதவுவார்கள் என்ற கருத்தில், கதையின் மையமான ஜோட் குடும்பத்துத் தாய் பேசுவதும் அங்கேதான்.

இரண்டையும் சேர்த்தால் ஒரு வாக்கியம் கிடைக்கிறது: ‘நொந்த காலத்தில் உதவி பக்கத்து மனிதரிடமிருந்து வருகிறது, மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தால்தான் அது உதவியாகிறது.’ இதை ஒருவர் மறுக்கலாம், நீங்கள் இரண்டு காட்சிகளைக் காட்டி நிறுவலாம். நிவாரண வரிசையில் ஒரு தடவையாவது நின்ற எவருக்கும் விளங்கும். பொதுமை என்பது இதுதான். அதற்கு வழி பதினைந்து சதம் என்ற சில்லறைக் கணக்கினூடாகத்தான் போகிறது.

‘த கிரேப்ஸ் ஒவ் ராத்’ நாவலை முடித்தபோது இடிந்துபோனேன். 1940இல் வந்த படத்தைப் பார்த்தபோது ஒரு தெம்பு வந்தது. ஒரே கதைக்கு எப்படி இரண்டு மனநிலை?
– வாசகர், சாவகச்சேரி

வரிசையை மாற்றியதுதான் பெரிய காரணம். நாவலில் ஜோட் குடும்பம் முதலில் அரசாங்க முகாமுக்குப் போகிறது: தண்ணீர்க் குழாய், கழிப்பறை, தாங்களே தெரிவுசெய்த குழு, சனிக்கிழமை நடனம். ஆனால் வேலை கிடைக்காததால் அங்கிருந்து வெளியேறி, வேலைநிறுத்தம் நடக்கும் பீச் பழத் தோட்டத்துக்குள் தெரியாமல் போய் விழுகிறார்கள். அங்கே பெட்டிக்கு ஐந்து சதம். வேலைநிறுத்தம் உடைந்ததும் இரண்டரைச் சதம். அவர்களோடு வந்த முன்னாள் போதகர் கேசி கொல்லப்படுகிறார், மகன் ரொம் ஒளிந்து வாழவேண்டி வருகிறது. பிறகு பருத்தி, பிறகு வெள்ளம். மகள் றோஸ் ஒவ் ஷாரனுக்குக் குழந்தை இறந்தே பிறக்கிறது. ஒரு கொட்டிலில் பட்டினியால் சாகக்கிடக்கும் அந்நிய மனிதருக்கு அவள் தாய்ப்பால் கொடுப்பதோடு நாவல் நிற்கிறது.

படத்தில் தோட்டம் முன்னுக்கும் அரசாங்க முகாம் பின்னுக்கும் வருகின்றன. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறுவதுபோல் ஆகிவிடுகிறது. வெள்ளமும் இல்லை, கொட்டிலும் இல்லை. 1934இன் நடுப்பகுதியிலிருந்து இறுக்கமாக நடைமுறையில் இருந்த ஹொலிவூட் ஒழுக்கவிதிகளின் கீழ் அந்தக் கடைசிக் காட்சியை எடுப்பது நினைத்தும் பார்க்கமுடியாதது. நாவலில் 20ஆம் அத்தியாயத்தில், நடுவழியில், தாய் ரொமுக்குச் சொல்லும் ‘நாங்கள் அழியமாட்டோம்’ என்ற பேச்சைத் தூக்கிக் கடைசியில் வைத்தார்கள். இது தயாரிப்பாளர் சனக்கின் விருப்பம். எங்களுக்கு அது ஒட்டவில்லை. அதற்கு முந்திய காட்சியில், விடியுமுன் ரொம் தாயிடம் விடைபெற்றுப் போவதோடு படத்தை முடித்திருக்கலாம்.

இன்னொரு மாற்றம் கண்ணுக்கு உடனே தெரியாது. நாவலின் 30 அத்தியாயங்களில் ஏறத்தாழப் பாதியில் ஜோட் குடும்பமே இல்லை. வறட்சி, பழைய கார் வியாபாரம், வீதியைக் கடக்கும் ஆமை என்று பெயரில்லாதவர்களின் கதை அது. நாம் மேலே சொன்ன பாண் வாங்கும் மனிதருக்கும் நாவலில் பெயர் இல்லை. படத்தில் அது ஜோட் குடும்பத்துத் தகப்பனார். வீட்டை உழவு இயந்திரம் இடிக்கும் 5ஆம் அத்தியாயத்தின் பெயரில்லாக் குடியானவனைப் படம் ஜோட் குடும்பத்தின் அயலவன் மியூலி ஆக்கியது. காணியைப் பறிப்பது வங்கி, வங்கிக்கு முகமில்லை, அப்படியானால் யாரைச் சுடுவது என்று அவன் கேட்கும் காட்சி, எங்கள் கணிப்பில் நாவலை விடப் படத்தில் பலமானது. அதை மியூலி பிறகு நினைவுகூரும்போது, கிரெக் ரோலண்டின் ஒளிப்பதிவில், மெழுகுதிரி வெளிச்சத்தில் முகம் மட்டும் தெரியும். இதே ரோலண்ட்தான் அடுத்த ஆண்டு ‘சிற்றிசன் கேன்’ படத்துக்கும் ஒளிப்பதிவாளர்.

இயக்குநர் ஜோன் போர்டுக்கும் தாயாக நடித்த ஜேன் டார்வெல்லுக்கும் ஒஸ்கார் கிடைத்தது. ஆனால் நாவலில் அந்தத் தாய் குடும்பம் பிரியாமல் இருக்க ஜக் கம்பியைத் தூக்கிக்கொண்டு புருஷனை எதிர்த்து நிற்கும் இடம் படத்தில் இல்லை. அதிகாரம் தகப்பனிடமிருந்து தாயிடம் மாறும் முக்கியக் கணம் அது. படத்தை மட்டும் பார்த்தவர்கள் அவரை ‘பொறுமையின் வடிவம்’ என்று எழுதுவது இதனால்தான்.

வாசகர் வட்டத்துக்கு ஸ்ரைன்பெக்கின் ‘ஒவ் மைஸ் அண்ட் மென்’ எடுத்திருக்கிறோம். 1939 படமா, 1992 படமா?
– நல்லூர்

முதலில் புத்தகம். ஆறு அத்தியாயங்கள்தான், இரண்டு மாலைகளில் முடியும். மேடையேற்றும் நோக்கத்தோடு எழுதப்பட்டதால், ஒவ்வொரு அத்தியாயமும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நடக்கும். பாகம் பிரித்து உரக்க வாசிக்க மிக வசதி.

வாசிக்கும்போது ஒரு தாளில் கணக்கை எழுதுங்கள். கனவுக் காணி 10 ஏக்கர், எங்கள் கணக்கில் 160 பரப்பு. விலை 600 டொலர். மாதச் சம்பளம் 50. பண்ணைக் கூலிகளான ஜோர்ஜும் அவன் நண்பன் லெனியும் மட்டும் என்றால் அது வெறும் கதை. 3ஆம் அத்தியாயத்தில் பண்ணையின் முதிய வேலையாள் கான்டி உள்ளே வருகிறார்: கை போனதற்கு நட்டஈடாகக் கிடைத்த 250, சேமிப்பு 50, மாத முடிவில் வரும் 50, ஆக 350. இவர்களுடைய மாதச் சம்பளம் நூறையும் சேர்த்தால் 450. அறுநூறு முழுதும் இல்லாவிட்டாலும் அதைக் கொண்டே காணியைப் பிடித்துவிடலாம் என்று ஜோர்ஜ் நினைக்கிறான்; அந்த ஒரு மாதம் பொறுத்தால் கைக்கு எட்டிவிடும். இந்தக் கணக்கைத் தவறவிட்டவர்களுக்கு முடிவு ‘பாவம்’ என்று மட்டும் படும். போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அடி எங்கே விழுந்தது என்று தெரியும்.

அதே அத்தியாயத்தில் கான்டியின் கிழட்டு நாயைச் சக வேலையாள் கார்ல்சன் சுடுகிறான். நானே சுட்டிருக்கவேண்டும் என்று கான்டி பிறகு சொல்வார். கடைசியில் லெனியைச் சுட ஜோர்ஜ் எடுப்பது கார்ல்சனின் அதே துப்பாக்கி. இந்த மூன்றையும் தொடுத்தால் கருப்பொருள் தானாக வரும்.

படங்களைப் பொறுத்தவரை 1939 படம் (இயக்கம் லூயிஸ் மைல்ஸ்ரோன், இசை ஆரன் கோப்லண்ட்) பண்ணை முதலாளியின் மகன் கேர்லியின், நாவலில் பெயரே தரப்படாத மனைவிக்கு ‘மே’ என்று பெயர் வைத்தது. பெயர் வைத்ததும் அவள் கொஞ்சம் ஆளாகிறாள். ஆனால் அந்தப் பண்ணையில் அவளுக்குப் பெயர்கூட இல்லை என்ற கொடுமை போய்விடுகிறது. 1992 படத்தில் (இயக்கியவரும் ஜோர்ஜாக நடித்தவரும் கரி சினீஸ், லெனியாக ஜோன் மல்கோவிச்) நிலமும் கதிர் வெட்டும் இயந்திரங்களும் அழகாகத் தெரியும். குறை முடிவில். ஜோர்ஜுக்கும் அவனோடு நடந்துபோகும் சக வேலையாள் ஸ்லிமுக்கும் என்ன நடந்தது என்று விளங்காமல் கார்ல்சன் கேட்பதுதான் நாவலின் கடைசி வரி. அதை வெட்டிவிட்டு, நண்பர்கள் இருவரின் பழைய நினைவோடு படம் முடிகிறது. கண்ணீர் வரும், உறைப்புப் போய்விடும். ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் 1992ஐப் பாருங்கள், பிறகு அந்தக் கடைசிப் பக்கத்தை யாராவது உரக்க வாசிக்கட்டும்.

மாரதன் நடனம் பற்றிய படம் ஒன்று பார்த்தேன். இடையிடையே வரும் விசாரணைக் காட்சிகள் விளங்கவில்லை.
– வாசகர், பருத்தித்துறை

அது சிட்னி பொலக் இயக்கிய ‘தே ஷூட் ஹோர்சஸ், டோன்ட் தே?’ (1969). உங்களைக் குழப்பியவை பின்னால் நடக்கப்போகும் காட்சிகள். படம் அவற்றை முன்கூட்டியே துண்டு துண்டாகச் செருகுகிறது. ஹொரஸ் மக்கோயின் 1935 நாவலில் குழப்பமே இல்லை: கொன்றவன் நீதிமன்றத்தில் நிற்கிறான், நீதிபதி வாசிக்கும் தீர்ப்பு அத்தியாயங்களுக்கு நடுவே துண்டுகளாக வரும்.

போட்டியின் விதி: ஒரு மணி 50 நிமிடம் ஆட்டம், 10 நிமிடம் ஓய்வு, அதுவே இரவுபகலாக. நாவலில் பரிசு 1,000 டொலர். படத்தில் 1,500, ஆனால் வென்றவரின் செலவுகள் அதில் கழிக்கப்படும் என்று பிற்பாடு தெரியவருகிறது. இது படம் சேர்த்த விஷம், நல்ல சேர்க்கை. நாவலில் மண்டபத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து போட்டி நின்றுபோகிறது. படத்தில் ஒருத்தி செத்த பிறகும் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. நாவல் ஒரு பெண்ணின் சலிப்பைப் பற்றியது, படம் அந்த மண்டபத்தைப் பற்றியது.

‘ரு கில் எ மொக்கிங்பேர்ட்’ இந்த வகையில் சேருமா?
– சுன்னாகம்

கதை நடப்பது 1933 முதல் 1935 வரை. எழுதி வெளிவந்தது 1960இல், படம் 1962இல். எனவே மந்தகாலத்தைத் திரும்பிப் பார்க்கும் நாவல் என்று எழுதுங்கள், மந்தகாலத்து நாவல் என்று எழுதவேண்டாம். சட்டத்தரணிக்கு கன்னிங்ஹாம் என்ற ஏழைக் குடியானவர் காசுக்குப் பதில் விறகும் கொட்டைகளும் கொண்டுவந்து கொடுக்கும் இடம் ஒன்றே காலத்தைக் காட்டப் போதும்.

டியூட்டரியில் இரண்டு மணித்தியாலம், 20 பிள்ளைகள். முழுப் படமும் போட நேரமில்லை. எப்படிக் கற்பிப்பது?
– ஆங்கில ஆசிரியை, கோப்பாய்

முழுப் படமும் போட்டால் பிள்ளைகள் கதையைத்தான் எழுதுவார்கள். ஒரே ஒரு காட்சி போதும், பாண் கடைக் காட்சியே நல்லது. நாவலில் அந்த இடத்தை மட்டும் பிரதி எடுத்து 25 நிமிடம் உரக்க வாசிக்கச் செய்யுங்கள். ஒக்லஹோமாப் பேச்சுவழக்கை அச்சில் பார்த்தால் பிள்ளைகள் திகைப்பார்கள், காதால் கேட்டால் பிடிபடும். பிறகு அதே காட்சியை முதலில் சத்தமில்லாமல் போடுங்கள்: யார் நிற்கிறார், யார் இருக்கிறார், கமெரா யாருடைய முகத்தில் நிற்கிறது என்று மட்டும் குறிக்கட்டும். அடுத்ததாகச் சத்தத்தோடு.

கொப்பியில் நான்கு நிரல்கள்: நாவலில் உள்ளது, படத்தில் உள்ளது, மாறியது என்ன, அதனால் யார்மேல் எங்கள் மனம் சாய்கிறது. நான்காவது நிரல்தான் புள்ளி தருவது, பெரும்பாலும் வெறுமையாக இருப்பதும் அதுதான். அதற்கே கடைசி அரை மணித்தியாலத்தை வைத்திருங்கள்.

இரண்டு இடங்களில் சறுக்கும். டொலரை இன்றைய ரூபாவுக்கு மாற்றவேண்டாம், தொகை அபத்தமாக வரும். ஒரு பாண் வாங்க எத்தனை பெட்டி பீச் ஆயவேண்டும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள்: ஐந்து சதக் கூலியில் மூன்று பெட்டி, இரண்டரைச் சதத்தில் ஆறு. அடுத்தது, படத்தில் இல்லாததை எல்லாம் ‘குறை’ என்று எழுதுவது. வெட்டியதால் கிடைத்தது என்ன என்றும் கேட்கவேண்டும்.

1995 இடப்பெயர்வையும் ஜோட் குடும்பத்தின் பயணத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதலாமா? தமிழில் ஒப்பிட வேறென்ன உண்டு?
– பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

எழுதலாம், காரணத்தை ஒப்பிடாதவரை. அவர்களை வெளியேற்றியது வறட்சியும் வங்கியும். யாழ்ப்பாணத்து வலிகாமத்தை வெறுமையாக்கியது யுத்தம். இரண்டையும் ‘துயரம்’ என்று ஒரே சாக்கில் போட்டால் இரண்டும் பொய்யாகும். வீட்டுக்குள் நடந்ததை ஒப்பிடுங்கள்: எதை ஏற்றினார்கள், எதை விட்டார்கள், முடிவெடுத்தது யார், வழியில் இறந்த முதியவரை எங்கே வைத்தார்கள். நாவலில் பாட்டனாரை வீதியோரமே புதைக்கிறார்கள், யாரும் கொலை என்று எண்ணாமலிருக்க ஒரு கடுதாசியும் எழுதி வைத்து.

காரணமும் ஒத்துப்போகவேண்டும் என்றால் தேயிலைத் தோட்டங்களுக்குப் போங்கள். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1930களிலேயே எழுதப்பட்டது; தமிழ்நாட்டுத் திருநெல்வேலிச் சீமைப் பெண் ஒருத்தி இலங்கைத் தோட்டத்துக்கு வந்து படும் பாடு. நாவலும் படமும் சேர்ந்தே வேண்டுமானால் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்ததையும், அதை அடியொற்றி 2013இல் பாலா எடுத்த ‘பரதேசி’யையும் பக்கத்தில் வையுங்கள். வைத்தியர் பாத்திரத்திலிருந்து தொடங்குங்கள். படத்தில் அவர் ஆட்டம் பாட்டோடு மதம் பரப்புபவராக வருகிறார். அந்த மாற்றத்தால் தோட்டத் துரைமார்மீது இருந்த கோபம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள், கட்டுரைக்கு அது ஒன்றே போதும்.