பழைய சாரத்தைக் கூட்டெரு வாளியில் போடலாமா?

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் வசிக்கும் வாசகி கேட்கிறார்: "பல்கனியில் வாளி வைத்து மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் போட்டுக் கூட்டெரு செய்கிறேன். இப்போது நாறத் தொடங்கிவிட்டது. கணவரின் கிழிந்த சாரங்கள், பெனியன்கள் வீட்டில் குவிந்து கிடக்கின்றன. அவற்றையும் இதில் போடலாமா?"

தாராளமாகப் போடலாம். நாற்றத்துக்கு மருந்தே அதுதான். சமையலறைக் கழிவில் ஈரமும் நைதரசனும் அதிகம். கூட்டெருவுக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் வேண்டும். அது குறைந்து காற்றும் போகாவிட்டால் வாளி நாறும். பருத்தித்துணி கிட்டத்தட்ட முழுவதுமே செலுலோசு, அதாவது காபன் நிறைந்த பொருள்.

ஆனால் அது உண்மையிலேயே பருத்திதானா? லேபலை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நூலை உருவி, குசினித் தொட்டிக்கு மேல் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி கடதாசி போல எரிந்து மென்சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கட்டியான மணியாகும். மணி வந்தால் அந்தத் துணி வீட்டைத் துடைக்கத்தான். ரீசேட்டில் நெஞ்சில் அடித்த படம் பெரும்பாலும் பிளாஸ்டிக், அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். பெனியன், உள்ளாடை என்றால் இலாஸ்டிக்கையும். தையல் நூலும் பொதுவாகப் பொலியெஸ்டர்தான். சாரத்தில் ஒரே ஒரு மூட்டுத் தையல் என்பதால் வேலை சுலபம். பெயின்ட், எண்ணெய் துடைத்த துணி வேண்டவே வேண்டாம்.

துணியை முழுதாகப் போட்டால் பாய் போலப் படிந்து காற்றை அடைத்துவிடும். தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, நனைத்துப் பிழிந்து, தூவினாற்போலப் போடுங்கள். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு உலர்ந்த பொருள் என்பது என் கணக்கு. அதில் கால்வாசி துணி போதும், மிச்சம் காய்ந்த இலையும் தும்புத்தூளும். வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். மீன் கழிவு போடாதீர்கள், பூனையும் அயலவரும் ஒன்றாக வருவார்கள்.

வாளியின் அடியில் துளை போட்டிருந்தால் கீழே தட்டு வைத்திருப்பீர்கள். அதில் தேங்கும் நீரை அன்றன்றே ஊற்றிவிடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, தட்டில் மழைநீர் நின்றாலே டெங்கு நுளம்பு முட்டையிட்டுவிடும்.

மரக்கறித் தோல் இரண்டு மூன்று மாதத்தில் மண்ணாகிவிடும். பல்கனி வாளி பெரிய குவியல் போலச் சூடேறாது, அதனால் துணி இன்னும் சில மாதங்கள் எடுக்கும். அரித்தெடுக்கும்போது மிஞ்சும் துண்டுகளை அடுத்த வாளியில் போடுங்கள்.