இரவில் இடம் மாறிப்போகும் பேட்ச் கோப்பு

கேள்வி: வணக்கம் ஐயா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறேன். ஒன்பது ஆண்டு வரைவுகள், ஸ்கேன் செய்த மூலப்பத்திரங்கள், வில்லங்கச் சான்றுகள், பட்டா நகல்கள் எல்லாம் கட்சிக்காரர் பெயரில் தனித்தனிக் கோப்புறைகளாக உள்ளன. மொத்தம் 214. அவை இருப்பது அதே அறையில் உள்ள முன்மேசைக் கணினியில். என் கணினியில் அதை இசட் டிரைவாக இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு கோப்புறையையும் செவன்-ஜிப் கொண்டு சுருக்கி, என் டி டிரைவில் 'பேக்கப்' என்ற கோப்புறையில் வைக்க நண்பர் ஒரு பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு ஸ்கிரிப்ட்) எழுதிக் கொடுத்தார். பகலில் நானே ஓட்டினால் 31 கோப்புறைகள் மட்டும் ஒழுங்காகச் சுருங்குகின்றன. டாஸ்க் ஷெட்யூலரில் இரவு 11 மணிக்கு வைத்தால் அதுவும் இல்லை. காலையில் 'டிரைவர்ஸ்', 'ஸ்பூல்' என்று நான் கேள்விப்படாத பெயர்களில் கோப்புகள் வந்து கிடக்கின்றன. ஷெட்யூலரோ வெற்றி என்று காட்டுகிறது. வைரஸாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் சரிசெய்ய வழி சொல்லுங்கள். கோப்புறைப் பெயர்கள் தமிழில் இருப்பதால் சிக்கலா? ஸ்கிரிப்டையும் கோப்புறைப் பெயர்ப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: பயப்படாதீர்கள், இது வைரஸ் அல்ல. டிரைவர்ஸ், ஸ்பூல் இரண்டும், விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை வைத்திருக்கும் சிஸ்டம்32 கோப்புறைக்குள் எப்போதும் இருப்பவை. உங்கள் ஸ்கிரிப்ட் இரவில் அந்த இடத்தில் நின்றுகொண்டு, கண்ணில் பட்ட கோப்புறைகளையெல்லாம் உங்கள் கட்சிக்காரர்களின் கோப்புறைகள் என்று எண்ணிச் சுருக்கியிருக்கிறது. அந்தப் பெயர்களை நீங்கள் கவனித்து எழுதியது பெரிய உதவி. வெறுமனே 'வேலை செய்யவில்லை' என்று எழுதியிருந்தால் நான் பத்துக் கேள்விகள் திருப்பிக் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

நண்பர் எழுதியது நான்கே வரிகள். முதல் வரி, கட்டளைகளைத் திரையில் திருப்பிக் காட்டாதே என்கிறது. இரண்டாவது வரி இசட் டிரைவுக்குப் போகச் சொல்கிறது. மூன்றாவது வரி அங்கே இருக்கும் ஒவ்வொரு கோப்புறைக்கும் செவன்-ஜிப்பை ஒரு முறை ஓட்டுகிறது. நான்காவது வரி 'எக்சிட் 0'. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். நீங்கள் தட்டச்சு செய்யும்போது ஸ்கிரிப்டில் உள்ளபடி ஆங்கில எழுத்துகளையே இடுங்கள்.

சிக்கல் இரண்டாவது வரியில் தொடங்குகிறது. இசட் என்ற எழுத்து அந்தக் கணினிக்குச் சொந்தமானது அல்ல. நீங்கள் உள்நுழைந்திருக்கும் அமர்வுக்குச் சொந்தமானது. ஷெட்யூலரில் 'பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த வேலை வேறோர் அமர்வில் நடக்கிறது. அங்கே இசட் டிரைவே கிடையாது. 'மிக உயர்ந்த உரிமையுடன் ஓட்டு' என்ற பெட்டியில் டிக் செய்திருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். இசட் டிரைவுக்குப் போ என்றதும் 'அப்படி ஒரு டிரைவ் இல்லை' என்று விண்டோஸ் பதில் சொல்கிறது. அதைக் கேட்க இரவு 11 மணிக்கு அங்கே யாரும் இல்லை. பேட்ச் கோப்பின் இயல்பு என்னவென்றால், ஒரு வரி தவறினாலும் அது நிற்காது. அடுத்த வரிக்குப் போய்விடும். ஷெட்யூலரில் 'எங்கிருந்து தொடங்க வேண்டும்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் வேலை தொடங்கும் இடம் சிஸ்டம்32. ஆகவே மூன்றாவது வரி அங்கேயே ஓடிவிட்டது.

இதற்கு மருந்து, இசட் என்ற எழுத்தையே விட்டுவிட்டு முன்மேசைக் கணினியின் முழுப் பிணைய முகவரியை எழுதுவது: இரண்டு பின்சாய்கோடுகள், கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, பகிர்ந்த கோப்புறையின் பெயர். ஆனால் இரண்டாவது வரியில் உள்ள, ஓர் இடத்துக்குப் போகச் சொல்லும் 'சிடி' கட்டளை இந்த வகை முகவரிக்குள் போகாது. அதற்குப் பதிலாக 'புஷ்டி' என்ற கட்டளை இருக்கிறது (பி, யு, எஸ், எச், டி டிரைவின் டி என்று ஐந்து எழுத்துகள்). அது அந்த முகவரிக்குத் தற்காலிகமாக ஒரு டிரைவ் எழுத்தைத் தானே கொடுத்து உள்ளே போய்விடும். அதே வரியின் முடிவில் இரண்டு செங்குத்துக் கோடுகள் || இட்டு, 'எக்சிட் /பி 3' என்று சேர்த்துவிடுங்கள். உள்ளே போக முடியாவிட்டால் அங்கேயே நின்றுவிடு, 3 என்ற எண்ணைச் சொல்லிவிட்டுப் போ என்று அதற்குப் பொருள். 3-க்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை. 0 அல்லாத எந்த எண்ணும் இருக்கலாம். உங்கள் நான்கு வரிகளில் நான் மிகவும் வற்புறுத்துவது இந்தத் திருத்தத்தைத்தான். சிஸ்டம்32-ஐச் சுருக்கியதால் உங்களுக்கு இடம் மட்டுமே வீணானது. இதே ஸ்கிரிப்டில் ஒரு அழிக்கும் கட்டளை இருந்திருந்தால்?

ஷெட்யூலரிலும் ஒன்றைப் பாருங்கள். 'கடவுச்சொல்லைச் சேமிக்காதே' என்ற பெட்டியில் டிக் இருந்தால் அந்த வேலைக்கு உள்ளூர்க் கணினி மட்டுமே எட்டும்; பிணையம் எட்டாது. அந்த டிக்கை எடுத்துவிட்டுக் கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

அடுத்து, பகலில் ஏன் 31 மட்டும் என்ற கேள்வி. நீங்கள் அனுப்பிய பட்டியலில் அந்த 31 பெயர்களையும் பார்த்தேன். எல்லாம் இடைவெளி இல்லாத ஒற்றைச் சொற்கள். மற்றவை 'ராமசாமி கிரயம் 2019', 'ராமசாமி தானம் 2021' என்ற மாதிரி. கட்டளை வரியில் இடைவெளி என்பது ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்குகிறது என்பதற்கான அடையாளம். மேற்கோள் குறி இல்லாததால், 'ராமசாமி' என்பது உருவாக்க வேண்டிய சுருக்கக் கோப்பின் பெயராகவும், 'கிரயம்', '2019' ஆகியவை உள்ளே சேர்க்க வேண்டிய கோப்புகளாகவும் போயிருக்கின்றன. அப்படிப்பட்ட கோப்புகள் எங்கும் இல்லை. செவன்-ஜிப் ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பேக்கப் கோப்புறையைத் திறந்து பாருங்கள்: 'ராமசாமி' என்ற பெயரில் ஒரே ஒரு கோப்பு, உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கும். ராமசாமி பெயரில் தொடங்கும் எல்லா ஆவணங்களும் அந்த ஒரு வெற்றுக் கோப்பின் மேல்தான் மோதியிருக்கின்றன. ஊரில் ஒரே பெயருடையவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வரியில் சுருக்கக் கோப்பின் முழு முகவரிக்கு ஒரு ஜோடி, சுருக்கப்படும் கோப்புறைப் பெயருக்கு ஒரு ஜோடி என்று இரண்டு இடங்களில் இரட்டை மேற்கோள் குறி இடுங்கள். செவன்-ஜிப் நிரல் இருக்கும் இடத்தை முழுமையாக எழுதினால் அதற்கும் ஒரு ஜோடி வேண்டும்; 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற பெயருக்குள்ளேயே ஓர் இடைவெளி இருக்கிறது. '& சன்ஸ்' என்று முடியும் பெயர்களும் உங்களிடம் உள்ளன. மேற்கோளுக்குள் இருக்கும்வரை & குறியால் தொல்லை இல்லை. இன்னொரு சிறு விஷயம்: இதே வரியைக் கட்டளைச் சாளரத்தில் நேரடியாகத் தட்டிப் பார்க்கும்போது மாறியின் (கோப்புறைப் பெயரை ஏந்தி நிற்கும் எழுத்தின்) முன் ஒரு % போதும், பேட்ச் கோப்புக்குள் %% வேண்டும்.

கோப்புறைப் பெயர்கள் தமிழில் இருப்பதால் சிக்கலா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இல்லை. அந்தப் பெயர்களை ஸ்கிரிப்டில் யாரும் தட்டச்சு செய்யவில்லை. விண்டோஸே எடுத்துக் கொடுக்கிறது. கருப்புத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிவது அந்த எழுத்துருவில் தமிழ் இல்லாததால்தான். கோப்பின் பெயர் சரியாகவே இருக்கும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே தமிழ்ப் பெயர் எழுதும் தேவை வந்தால் மட்டும், நோட்பேடில் பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் சேரும் ஒரு மறைகுறி) இல்லாத யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, தொடக்கத்தில் 'சிஎச்சிபி 65001' என்ற வரியைச் சேருங்கள்; கட்டளைச் சாளரத்தை யுடிஎஃப்-8 முறைக்கு மாற்றுவது அது.

இனி அந்த நான்காவது வரி. உள்ளே என்ன நடந்திருந்தாலும் வெற்றி என்றே சொல் என்று ஷெட்யூலருக்கு இட்ட கட்டளை அது. ஷெட்யூலர் பொய் சொல்லவில்லை, சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். செவன்-ஜிப் ஒவ்வொரு முறை முடியும்போதும் ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. 0 என்றால் குறையில்லை. 1 என்றால் எச்சரிக்கை: சில கோப்புகள் கிடைக்கவில்லை, அல்லது வேறு நிரல் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2 என்றால் வேலை கெட்டுவிட்டது. 7 என்றால் கட்டளையை எழுதியதில் பிழை, 8 என்றால் நினைவகம் போதவில்லை, 255 என்றால் யாரோ இடையில் நிறுத்திவிட்டார்கள்.

இந்த எண்ணைப் பிடிப்பதில் பலர் சறுக்குவார்கள். சுழற்சியின் (ஒவ்வொரு கோப்புறைக்கும் திரும்பத் திரும்ப ஓடும் அந்த மூன்றாவது வரியின்) அடைப்புக்குறிக்குள், அந்த எண்ணைக் குறிக்கும் %எர்ரர்லெவல்% என்று எழுதினால், அந்தத் தொகுதி முழுவதையும் விண்டோஸ் படிக்கும் நேரத்திலேயே, ஒரு கோப்புறையும் சுருங்குவதற்கு முன்பே, அதன் மதிப்பு நிரப்பப்பட்டுவிடும். பிறகு 214 முறையும் அதே 0 தான் வரும். '%' குறிகள் இல்லாமல் 'இஃப் எர்ரர்லெவல் 1' என்று எழுதுங்கள். இது அந்தந்த நேரத்து மதிப்பைப் பார்க்கும். 1 அல்லது அதற்கு மேல் எந்த எண்ணாக இருந்தாலும் பிடிக்கும். பிடித்தவுடன் அந்தக் கோப்புறையின் பெயரை >> குறி மூலம் ஒரு பதிவுக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். காலையில் அது காலியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். பதிவில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக விழாமலிருக்க, தமிழை ஸ்கிரிப்டில் எழுதாவிட்டாலும் மேலே சொன்ன 65001 வரி தேவைப்படும்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர் சுருக்க அளவை 9 என்று வைத்திருக்கிறார். ஸ்கேன் செய்த பக்கங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்கள். அவற்றை மறுபடி பிழிந்தாலும் பெரிதாகச் சாறு வராது. 1 என்று வையுங்கள். 214 கோப்புறைகளும் முன்பைவிட வெகு சீக்கிரம் முடியும்; அளவில் அதிக வேறுபாடு தெரியாது.

சுருக்கி முடித்ததும் மூலத்தை அழிக்கும் ஒரு சுவிட்ச் (கட்டளையோடு சேர்த்து எழுதும் குறி) செவன்-ஜிப்பில் உண்டு. இடம் மிச்சமாகும் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். புதுச்சேரியில் நான் கணினி பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் அதைச் சேர்த்துவிட்டு, சுருக்கிய கோப்புகளை ஒரு பழைய ஹார்டு டிஸ்கில் வைத்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது பாதி திறக்கவில்லை. மூலமும் இல்லை. அன்று அந்த அலுவலக அம்மா ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே சுருக்கியபின் சோதியுங்கள். சேர்ப்பதற்கு 'ஏ' என்ற எழுத்து இருப்பதுபோல், சோதிப்பதற்கு 'டி' இருக்கிறது ('டெஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து; டி டிரைவின் டி அல்ல). அது ஒவ்வொரு கோப்பையும் மனத்தளவில் விரித்துப் பார்த்து, சேர்க்கும்போது குறித்துவைத்த சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுகிறது. சுழற்சிக்குள்ளேயே, சுருக்கும் கட்டளைக்கும் 'இஃப்' சோதனைக்கும் அடுத்து, இதை இன்னொரு வரியாகச் சேர்த்து, இதற்கும் அதே 'இஃப்' சோதனையை வையுங்கள். நேரம் கொஞ்சம் கூடும். கூடட்டும்.

மழைக்காலத்துக்கு முன் என்று நீங்கள் எழுதியதால் இதையும் சொல்ல வேண்டும். முன்மேசைக் கணினியும் உங்கள் கணினியும் ஒரே அறையில் இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்ததையும், 2015 வெள்ளத்தையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் கரையேறிய பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக உங்கள் ஊருக்குள் வந்தது. இரண்டு கணினிகளும் ஒரே தண்ணீரில் நின்றால் இரண்டாவது பிரதி எதற்கு? வாரம் ஒரு முறை பேக்கப் கோப்புறையை ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து, எழுத்தரின் வீட்டு மாடியிலோ உங்கள் வீட்டிலோ வைத்துவிடுங்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் அன்று ஓடி ஓடிச் செய்யும் வேலை அல்ல இது.

ஆவணங்களில் ஆதார் நகலும் கையெழுத்தும் இருப்பதால், வெளியே போகும் பிரதிக்குக் கடவுச்சொல் கட்டாயம். செவன்-ஜிப்பின் சொந்த வடிவமான செவன்-இசட், ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறையில் பூட்டுகிறது. 'எம்எச்இ' என்ற சுவிட்சை 'ஆன்' ஆக்கினால் உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்களும் மறைந்துவிடும். அந்தக் கடவுச்சொல்லை எழுத்தரின் பெட்டகத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்; தொலைந்தால் திறந்து தர எவராலும் முடியாது. பென் டிரைவில் எடுப்பதாக இருந்தால், ஃபேட்32 வடிவில் உள்ள டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. அதை எக்ஸ்ஃபேட் ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் இரவு சரியாக ஓடியதும், நன்கு தெரிந்த ஒரு கட்சிக்காரரின் சுருக்கக் கோப்பை உங்கள் வீட்டுக் கணினிக்குக் கொண்டுபோய் விரித்துப் பாருங்கள். அதற்கு 'எக்ஸ்' என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். 'ஈ' என்று ஒன்று உண்டு. அது உட்கோப்புறைகளின் அமைப்பைக் கலைத்து, பட்டாவையும் வரைவையும் வில்லங்கச் சான்றையும் ஒரே குவியலாகக் கொட்டிவிடும். விரித்ததில் மூலப்பத்திரத்தின் கடைசிப் பக்கம் வரை திறக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.