மே மாச விசேஷத்துக்கு ஜில்லுனு ஒரு பழ இனிப்பு, வயித்துக்கு ஒண்ணும் ஆகாம எப்படி பண்றது?

கேள்வி: டாக்டர், நாங்க திருவாரூர் பக்கம். வர்ற மே மாசம் வீட்ல காதுகுத்து வெச்சிருக்கோம், ஒரு 45 பேர் வருவாங்க. போன வருஷம் ஒரு விசேஷத்துக்கு ஃப்ரூட் கஸ்டர்ட் பண்ணி ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஜில்லுனு குடுத்தோம், மத்தியானம் சாப்பிட்ட பசங்க ஏழெட்டு பேர் சாயங்காலத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டாங்க. மாம்பழம் சூடு, பாலும் பழமும் சேராதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பசங்க இந்த வருஷமும் கேக்குறாங்க. எங்கிட்ட ஓவன் எல்லாம் கிடையாது. மாமியாருக்கு சுகர், மாமனாருக்கு கிட்னி ப்ராப்ளம், டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கல. பண்ணலாமா, இல்ல விட்டுடவா?

பதில்: தாராளமா பண்ணுங்க. விட வேண்டியது ஃப்ரூட் கஸ்டர்டை மட்டும்தான், அதுவும் இத்தனை பேருக்கு, கத்திரி வெயில்ல.

முதல்ல போன வருஷத்து விஷயம். மாம்பழம் சூடுன்னு சொல்றது நம்ம பக்கம் காலங்காலமா இருக்குற பேச்சு, ஆனா ஒரே பாத்திரத்துல சாப்பிட்ட ஏழெட்டு புள்ளைங்க மூணு நாலு மணி நேரத்துக்குள்ள ஒட்டுமொத்தமா வாந்தி எடுத்தா அதுக்கு மாம்பழம் காரணம் இல்ல. நேர்ல பாக்காம முடிவா சொல்ல முடியாதுன்னாலும் நீங்க எழுதியிருக்குறத வெச்சு பாத்தா ஸ்டெஃபைலோகாக்கஸ்னு ஒரு கிருமி விடுற விஷம்தான் முதல்ல ஞாபகத்துக்கு வருது, இது நம்ம மூக்குல, தோல்ல, கையில இருக்குற சின்ன வெட்டுக்காயத்துல, கொப்புளத்துல இருக்கும். பாலை என்னதான் நல்லா கொதிக்க வெச்சு கஸ்டர்ட் காய்ச்சியிருந்தாலும் அப்புறம் பழம் நறுக்கி கையால போட்டு கலக்கும்போதுதான் இது உள்ள போகும், வெதுவெதுன்னு இருக்குற பாலும் மாவும் சக்கரையும் அதுக்கு விருந்து மாதிரி, சில மணி நேரத்துல பெருகி விஷத்தை விட்டுடும். அந்த விஷம் ஒருதடவை வந்துட்டா மறுபடி கொதிக்க வெச்சாலும் போகாது, ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் போகாது. வாசனையும் மாறாது, ருசியும் மாறாது, அதனாலதான் யாருக்கும் சந்தேகமே வர்றதில்ல.

ஃப்ரிட்ஜ்ல தானே டாக்டர் வெச்சோம்னு கேப்பீங்க. அங்கதான் பிரச்சினையே. பத்து லிட்டர் கஸ்டர்டை அண்டாவோட அப்படியே தூக்கி உள்ள வெச்சா ஓரம் ஜில்லுனு ஆகும், நடுவுல விரலை விட்டுப் பாத்தா ராத்திரி முழுக்க வெதுவெதுன்னுதான் இருக்கும். கிருமி பெருகுறதுக்கு வசதியான சூடு 5 டிகிரிலேருந்து 60 டிகிரி வரைக்கும், அந்த இடைவெளியை சாப்பாடு எவ்வளவு சீக்கிரம் தாண்டுதோ அவ்வளவு நல்லது. அது மட்டும் இல்ல, சூடான அண்டா உள்ள போனதும் பக்கத்துல இருக்குற பால், தயிர் எல்லாமே சூடாயிடும், நடுவுல கரண்ட் வேற போயிட்டா கேக்கவே வேணாம். குளிர்ச்சி கிருமியைக் கொல்லாது, பெருகுற வேகத்தைத்தான் குறைக்கும்.

அதனால இந்த வருஷம் கடல்பாசிக்கு மாறிக்குங்க, தண்ணியில காய்ச்சி ஆற வெச்சா ஜெல்லி மாதிரி உறையும், கடையில சைனா கிராஸ்னு கேட்டா குடுப்பாங்க. உங்க பக்கம் இது புதுசு ஒண்ணும் இல்ல, நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினத்துல நோன்பு மாசத்துல இது இல்லாத வீடு கம்மி. இதே மாதிரி ஜெல்லி ஆக்குறதுக்கு விக்குற ஜெலட்டினை வாங்கிடாதீங்க, அது மாட்டுத் தோல், எலும்புலேருந்து எடுக்குறது, கோயில் காரியம் நடக்குற வீட்டுக்கு ஆகாது, அதோட 35 டிகிரி பக்கம் வந்தாலே இளகிடும், நம்ம ஊர் மே மாசத்து மத்தியானமே அதுக்கு மேல. கடல்பாசி கடல்ல வளர்றது, நம்ம ராமநாதபுரம் கடலோரத்துல பொம்பளைங்க தண்ணிக்குள்ள முங்கி எடுத்துட்டு வர்ற பாசியிலேருந்துகூட எடுக்குறாங்க, எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா அது. இது கிட்டத்தட்ட 85 டிகிரிக்கு மேல போனாதான் திரும்ப உருகும், அதனால பந்தியில தட்டுல வெச்சாலும் தண்ணியா ஓடாது. ஆனா ஒண்ணு, உருகலைங்கிறதால கெடாதுன்னு அர்த்தம் இல்ல, நேர கணக்கு இதுக்கும் உண்டு, அதுக்கு பின்னாடி வர்றேன்.

செய்யுற விதம் இதுதான். 10 கிராம் பாக்கெட் ஒண்ணை கத்தரியால சின்னதா வெட்டி கால் லிட்டர் தண்ணியில இருபது நிமிஷம் ஊற வெச்சு, அதே தண்ணியோட அடுப்புல வெச்சு கிளறிக்கிட்டே இருங்க, கரண்டியில எடுத்துப் பாத்தா ஒரு நார்கூட கண்ணுல படக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆகணும். அதுல மூணு ஸ்பூன் சக்கரை போட்டு வடிகட்டிட்டு, அரை லிட்டர் இளநீரை லேசா கை பொறுக்குற அளவுக்கு சூடு பண்ணி ஊத்திக் கலக்குங்க, ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த இளநீரை நேரா ஊத்துனா பாசி அங்கங்க திரிஞ்ச மாதிரி கட்டிக்கும். ஆளுக்கு 100 மில்லின்னு வெச்சா 45 பேருக்கு நாலரை லிட்டர், ஆறு பாக்கெட் கடல்பாசி, மூணு லிட்டர் இளநீர். இதை அண்டாவுல வைக்காம ரெண்டு விரக்கடை உயரத்துக்கு அகலமான ட்ரேயிலயோ தாம்பாளத்துலயோ ஊத்துங்க, அந்த தாம்பாளத்தை ஐஸ் தண்ணி இருக்குற இன்னும் பெரிய தாம்பாளத்துல வெச்சா அரை மணி நேரத்துல செட் ஆயிடும், அப்புறம் மூடி ஃப்ரிட்ஜ்ல அடுக்கிடலாம். முந்தின நாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பண்றது நல்லது.

நுங்கு, பழம் எல்லாம் பரிமாறுறதுக்கு முன்னாடிதான், அதுக்கு முன்னாடி வேணவே வேணாம். நுங்கை சுளையா பிளாஸ்டிக் பையில கட்டி விக்குறத வாங்காம குலையா வாங்கி வீட்டுலயே சீவ சொல்லுங்க, மேல் தோலை உரிச்சா துவர்ப்பு போயிடும். தர்பூசணி, முலாம்பழம், வெள்ளரிப்பழம் எல்லாம் புளிப்பு கம்மியான பழம், அதனால கிருமி சுலபமா வளரும், வெட்டுறதுக்கு முன்னாடி தோலோட நல்லா தேய்ச்சுக் கழுவுங்க, கத்தி தோல்ல இருக்குறதை எல்லாம் உள்ள இழுத்துட்டுப் போகும். வெள்ளரிப்பழம் கடையிலயே வெடிச்சுக் கிடக்குறது வேணாம், வெடிக்காதத வாங்குனா வீட்டுல வெடிச்சுக்கும். கறி மீன் நறுக்குன அருவாமணையில பழம் நறுக்கக் கூடாது. நறுக்குறவங்க கையில காயம் இருந்தா வேற ஆளை நறுக்க சொல்லுங்க, ப்ளாஸ்டர் ஒட்டிக்கிட்டு நறுக்குறதும் வேணாம். கலக்குறதுக்கு கரண்டிதான், கை வேண்டவே வேண்டாம்.

பாலும் பழமும் சேருமான்னு கேட்டிருக்கீங்க. பொதுவா ஒண்ணும் ஆகாது, விஷமா எல்லாம் மாறாது. அன்னாசியும் பப்பாளியும் மட்டும் பச்சையா பால்ல போட்டா கசக்கும், அதுல புரதத்தை உடைக்குற என்சைம் இருக்கு, ஜெலட்டினும் இதனாலதான் அன்னாசி போட்டா செட் ஆகாது. கடல்பாசி புரதம் கிடையாது, அதனால அன்னாசியோட நல்லாவே ஒத்துப் போகும்.

ஐஸ் விஷயத்துல கவனமா இருங்க பாருங்கம்மா, ஐஸ் ஃபேக்டரியில வாங்குற பார் ஐஸ் பெரும்பாலும் மீனுக்கு போடுறது, குடிக்குற தண்ணியில செய்யுறது இல்ல. சாப்பிடக் கூடாத ஐஸ்ல நீலக் கலர் சேக்கணும்னு 2018-லயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுச்சு. நீலமா இருந்தாலும் வெள்ளையா இருந்தாலும் அதை ட்ரேக்கு அடியில, தெர்மோகோல் பெட்டியில மட்டும் வைங்க, இனிப்புக்குள்ள போடாதீங்க. பந்தியில எல்லா ட்ரேயையும் ஒண்ணா வெளிய எடுத்து வைக்காம ஒவ்வொண்ணா எடுங்க. சாதாரணமா வெளிய வெச்ச சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கணக்கு, 32 டிகிரிக்கு மேல வெயில் இருந்தா ஒரு மணி நேரம்தான், மே மாசத்துல உங்களுக்கு ஒரு மணி நேரம்னே வெச்சுக்குங்க. மிச்சம் இருந்தா மனசு கேக்காதுதான், இருந்தாலும் கொட்டிடுங்க, சாயங்காலம் பசங்களுக்குன்னு எடுத்து வைக்காதீங்க.

மாமியாருக்கு வர்றேன். இதுல சக்கரை போடாம ஒரு சின்ன தாம்பாளம் தனியா ஊத்திடுங்க, கடல்பாசியில சுகர் ஏத்துற சத்து கிட்டத்தட்ட இல்ல, இளநீர் இனிப்பே போதும், மேல அரை கப் பழம் போட்டு குடுக்கலாம். கண்டென்ஸ்டு மில்க் ஊத்துனது மட்டும் வேணாம், 100 கிராம்ல பாதிக்கு மேல சக்கரை, 400 கிராம் டின்ல 200 கிராமுக்கு மேல வரும். இலையில சாதம், பாயசம், ஜாங்கிரி எல்லாம் ஆனதுக்கு அப்புறம் இதையும் சேத்தா எந்த பழமா இருந்தாலும் சுகர் ஏறத்தான் செய்யும், பாயசமா இதுவான்னு ஒண்ணை அவங்களையே தேர்ந்தெடுக்க சொல்லுங்க. இன்னொன்னு, விசேஷத்தன்னிக்கு “இன்னிக்கு ஒரு மாத்திரை கூட போட்டுக்குறேன்”னு போட்டுக்குறவங்க நிறைய பேர் எங்கிட்ட வர்றாங்க, பந்தி லேட்டாகி சுகர் திடீர்னு இறங்கி மயக்கமா வந்து சேருவாங்க. அந்த தப்பை பண்ண விடாதீங்க.

மாமனாருக்குத்தான் நான் ரொம்ப கவலைப்படுறேன். ஊரே குளிர்ச்சின்னு சொல்ற இளநீர்தான் அவருக்கு ஆபத்து, அதுல பொட்டாசியம் அதிகம், வாழைப்பழம், மாம்பழம், முலாம்பழம், பலாவும் அப்படித்தான். கிட்னி வேலை குறைஞ்சவங்களுக்கு அது வெளிய போகாம ரத்தத்துல சேந்துடும், வலியோ காய்ச்சலோ எதுவும் காட்டாம நேரா இதயத் துடிப்பைத் தாக்கும். ஒரு டம்ளர் தானேன்னு சொந்தக்காரங்க நீட்டுவாங்க, நீங்கதான் பக்கத்துல இருந்து தடுக்கணும். அவருக்கு வெறும் தண்ணியில கடல்பாசி காய்ச்சி ரெண்டு சொட்டு ரோஸ் எசன்ஸ் விட்டு, மேல ஆப்பிளோ அன்னாசியோ சின்ன சின்னதா நறுக்கி அரை கப் குடுக்கலாம், தண்ணி அளவு குறைச்சிருந்தா இதையும் அந்த கணக்குல சேத்துக்கணும். விசேஷத்துக்கு முன்னாடி அவரோட கடைசி பொட்டாசியம் ரிப்போர்ட்டை அவரைப் பாக்குற கிட்னி டாக்டர்கிட்ட காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

சின்னப் புள்ளைங்க விஷயம் ஒண்ணு. அஞ்சு வயசுக்குள்ள இருக்குறவங்களுக்கு முழு திராட்சை, முழு நுங்கு குடுக்காதீங்க, வழுக்கிட்டுப் போய் மூச்சுக்குழாய்ல மாட்டிக்கும், திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டுங்க, கடல்பாசியையும் கரண்டியால மசிச்சு உக்கார வெச்சு குடுங்க, ஓடிக்கிட்டே சாப்பிட விடாதீங்க. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தேன் ஒரு சொட்டுகூட வேணாம்.

அப்படியும் யாருக்காவது வாந்தி வந்தா உடனே வாந்தி நிக்குற ஊசின்னு ஓடாம ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணியில கரைச்சு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் குடுங்க, பாக்கெட் இல்லேன்னா அதே ஒரு லிட்டருக்கு ஆறு தட்டை டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த விஷம் பெரும்பாலும் ஒரு நாள்ல தானா அடங்கிடும். ஆறு மணி நேரமா யூரின் போகலை, குழந்தை துவண்டு போச்சு, வாந்தியிலயோ மோஷன்லயோ ரத்தம், காய்ச்சல், இதுல எது இருந்தாலும் ராத்திரின்னு பாக்காம 108-க்கு போன் பண்ணி திருவாரூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. மாமனாருக்கு வாந்தி வந்தா மட்டும் வீட்டுல ஓஆர்எஸ் குடுத்துட்டு உக்காந்திருக்க வேணாம், அதுலயும் பொட்டாசியம் இருக்கு, அவரை நேரா கூட்டிட்டுப் போயிடுங்க.