சமமற்ற டிரேடும் நான்கு வாக்குகளும்

அன்புள்ள ஐயா,

நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்களின் நிஜ ஆட்டக் கணக்கில் மோதும் ஃபேன்டஸி பேஸ்பாலில், 12 அணிகள் கொண்ட லீக் ஒன்றுக்கு இந்த ஆண்டு நான் கமிஷனர், அதாவது நடத்துபவர். ரோட்டோ முறை (ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசி இடத்துக்கு 1), ஹோம் ரன், ஸ்டீல் போன்ற வழக்கமான பத்துப் பிரிவுகள், வாராந்திர லைன்அப் (களமிறக்கும் வீரர் பட்டியல்), கீப்பர் (வீரரை அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்வது) கிடையாது. ஜூன் கடைசியில் நண்பர் ஒருவர், பருவத் தொடக்கத்தில் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டாம் சுற்றில் எடுத்த ஹோம் ரன் பேட்டரைக் கொடுத்துவிட்டு, பதினைந்தாம் சுற்றில் போன ஒரு ஸ்டீல் (அடுத்த பேஸுக்குத் திருட்டுத்தனமாக ஓடுவது) ஆட்டக்காரரை வாங்கினார். ‘பகல் கொள்ளை’ என்று குழுவில் ஒரே சண்டை. மூன்றில் ஒரு பங்கு எதிர்ப்பு வந்தால் டிரேடு (வீரர் பரிமாற்றம்) ரத்து என்பது எங்கள் விதி. சரியாக 4 வாக்குகள் விழுந்துவிட்டன. அதை மீறி அனுமதிக்கும் பொத்தான் என்னிடம் இருக்கிறது.

நண்பர் ஹோம் ரன்னில் 158 உடன் முதலிடம், இரண்டாமவருக்கு 126. ஸ்டீலில் 48 உடன் பத்தாமிடம். அவருக்கு மேலே 51, 54, 55, 59, 62 என்று நிற்கிறார்கள். எதிர்த்த நால்வரில் மூவர் அந்த 51, 54, 59 அணிக்காரர்கள். என்ன செய்யட்டும்?

ரா.

அன்புள்ள ரா.,

பத்தாமிடத்துக்கு 3 புள்ளி. பருவம் ஏறக்குறையப் பாதி முடிந்திருக்கிறது. எல்லோரும் இதே வேகத்தில் போனால் இன்றைய இடைவெளிகள் செப்டம்பர் கடைசியில் இரட்டிப்பாகும். மேலே உள்ள ஐவரும் 6, 12, 14, 22, 28 ஸ்டீல் முன்னால் இருப்பார்கள். வாங்கிய ஆட்டக்காரர், கொடுத்தவரைவிட 25 ஸ்டீல் கூடுதலாகச் செய்தால் உங்கள் நண்பர் நால்வரைத் தாண்டுகிறார்: 4 புள்ளி வரவு. ஹோம் ரன்னில் 14 இழந்தாலும் முதலிடம் அசையாது. ஆர்பிஐயில் (தன் அடியால் அணிக்குக் கிடைக்கும் ரன்கள்) ஒரு புள்ளி போகலாம். நிகரமாக 3 புள்ளி. ரோட்டோவில் முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் பல ஆண்டுகளில் இவ்வளவுதான் வித்தியாசம்.

ட்ரீம்11 மட்டும் பழகியவர்களுக்கு இது புதிராக இருக்கும். ரோட்டோவில் ஒரு வீரர் ஒரு நேரத்தில் ஒரே அணியிடம்தான் இருப்பார், கணக்கும் பருவம் முழுக்க ஓடும். முதலிடத்தை ஒரு ஹோம் ரன் வித்தியாசத்தில் பிடித்தாலும் 12 புள்ளி, ஐம்பதில் பிடித்தாலும் அதே 12. மிச்சமுள்ளது வீண், அதை விற்றுப் பற்றாக்குறையை அடைப்பதுதான் ஆட்டமே. 2023இல் நிஜ பேஸ்பாலில் ஓக்லண்ட் அணியின் எஸ்டியூரி ருயிஸ் 67 ஸ்டீல் செய்தார், அடித்த ஹோம் ரன் 5. பொதுவான தரவரிசையில் அப்படிப்பட்டவருக்கு மதிப்பு குறைவு. ஸ்டீலில் கடைசியில் கிடக்கும் அணிக்கு அவர் தங்கம்.

இந்த டிரேடு நிறைவேறினால் அந்த 51, 54, 55, 59 அணிகள் ஸ்டீலில் ஆளுக்கு ஒரு புள்ளி இழக்கும். எதிர்த்த மூவர் அந்த நால்வருக்குள் வருகிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு வாக்களித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போட்டியாளனையே நீதிபதியாக உட்கார வைக்கும் விதி, நல்லவர்களையும் தன் பையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வைக்கும். வாக்கெடுப்பு வீட்டோவை நான் முழுமூச்சாக எதிர்ப்பது இதனால்தான்.

சமமற்றது என்பதே ஒரு கணிப்புதான். நிஜ பேஸ்பாலில், 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணி டாயில் அலெக்ஸாண்டர் என்ற 36 வயது பிட்சருக்காக (பந்து வீசுபவர்), அமெரிக்காவின் முதல்நிலை லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடியிராத ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. அலெக்ஸாண்டர் 9 வெற்றி, தோல்வியே இல்லை, இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி) 1.53, டெட்ராய்ட் தன் டிவிஷனை வென்றது. ஸ்மோல்ட்ஸ் பின்னாளில் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் போனார். யாரைக் காப்பாற்ற அதைத் தடுத்திருப்பீர்கள்?

நிஜ பேஸ்பாலில் கமிஷனர் தடுத்த கதையும் உண்டு. 1976 ஜூனில் ஓக்லண்ட் உரிமையாளர் சார்லி ஃபின்லி, தன் வீரர் விடா ப்ளூவை யாங்கீஸ் அணிக்கு 15 லட்சம் டாலருக்கும், ரோலி ஃபிங்கர்ஸ், ஜோ ரூடி இருவரையும் தலா 10 லட்சத்துக்கு ரெட் சாக்ஸ் அணிக்கும் விற்றார். கமிஷனர் பௌவி கூன் அதை ரத்து செய்தார். பதிலுக்கு ஆட்டக்காரரே வராமல், பணத்துக்காக அணியைக் கலைப்பது ஆட்டத்துக்குக் கேடு என்பது அவர் வாதம். வழக்குப் போட்டும் ஃபின்லி தோற்றார். உங்கள் லீகில் தேட வேண்டியதும் இதுதான்: தன் அணியை ஜெயிக்க வைக்கும் நோக்கமே இல்லாத ஒரு டிரேடு.

ஏறுமாறான டிரேடு வந்தால் கேள்வி கேளுங்கள். அதற்கு மேல் அது எதையும் நிரூபிப்பதில்லை. இருவரிடமும் தனித்தனியாக, எழுத்தில், ஒரே நாளுக்குள் கேளுங்கள். எந்தப் பிரிவில் எத்தனை புள்ளி எதிர்பார்க்கிறாய்? வேறு யாரிடம் விலை கேட்டாய்? பரிசுப் பணம், அடுத்த ஆண்டுக் கட்டணம், வீரரைத் திருப்பித் தருவது என்று பேச்சு ஏதும் உண்டா? பிறகு பதிவுகளைப் பாருங்கள். மூன்று வாரமாக லைன்அப்பே மாற்றாதவர் திடீரென்று டிரேடு செய்கிறாரா, இதே இருவர் போன மாதம் ஒரு வீரரை மாற்றிக்கொண்டு பிறகு திருப்பிக்கொண்டார்களா என்று. கள்ளக்கூட்டு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் பல்லிளிக்கும். புதியவர் ஒருவர், பருவம் முழுக்க ஆட முடியாத காயக்காரரைச் செய்தி தெரியாமல் வாங்கிவிட்டால், 12 மணி நேரத்துக்குள் பின்வாங்க விடுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு வந்த காயம் வாங்கியவர் தலையில்தான்.

பரிசீலனைக்கு இரண்டு நாள் போதும். வாராந்திர லைன்அப் லீகில் வெள்ளிக்கிழமை வந்த டிரேடைச் செவ்வாய் வரை இழுத்தால் இருவருக்கும் ஒரு வாரம் பாழ். அந்த வாரம் இரண்டு ஸ்டார்ட் உள்ள (இரண்டு ஆட்டங்களில் முதல் பந்துவீச்சாளராக இறங்கும்) பிட்சர் கைமாறினால் இழப்பு இன்னும் பெரிது. கமிஷனரே டிரேடில் இருந்தால், லீகுக்கு வெளியே உள்ள ஒருவர் முடிவு சொல்லட்டும்.

கீப்பர் லீக் என்றால் கதை வேறு. அங்கே கடைசி இடத்துக்காரர் மூன்று நட்சத்திரங்களைக் கொடுத்து 1 டாலர் சம்பளத்தில் (ஏலத்தில் எடுத்த விலை) இருக்கும் ஓர் இளைஞனை வாங்குவது நேர்மையான கணக்கு, ஆனாலும் பட்டத்தை அது ஒருவர் மடியில் போட்டுவிடும். அதற்கும் வீட்டோ மருந்தாகாது. வீரர்களை வாங்க ஒவ்வோர் அணிக்கும் ஏலத்தில் 260 டாலர் என்றால் பருவத்தின் நடுவே எந்த அணியின் மொத்தச் சம்பளமும் 325ஐத் தாண்டக்கூடாது என்று மார்ச்சிலேயே எழுதி வையுங்கள்.

இனி அந்தப் பொத்தான். அழுத்தாதீர்கள். அந்த டிரேடு நடந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பருவத்தின் நடுவே, கமிஷனர் தனக்குச் சரியென்று பட்டதால் அறிவித்த விதியை மீறினால், அடுத்த சண்டையில் உங்கள் சொல் எடுபடாது. எதிர்த்த நால்வரிடமும் கள்ளக்கூட்டுக்கு என்ன ஆதாரம் என்று குழுவில் கேளுங்கள். இல்லையென்றால் வாக்கைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். மறுத்தால் இப்போதைக்கு இந்த டிரேடு செத்தது. வாக்கெடுப்பை அடுத்த மார்ச்சில் நீக்குங்கள்.

உங்கள் நண்பரும் ஒன்று செய்யலாம். அந்த பேட்டர் விற்பனைக்கு, தேவை ஸ்டீல் என்று பதினொரு பேருக்கும் ஒரே செய்தியாக அனுப்பட்டும். விலை குறைவு என்று கொதித்தவர்கள் அதைவிட நல்ல விலை சொல்ல 24 மணி நேரம் கொடுங்கள். யாராவது சொன்னால் அவருக்கு லாபம். யாரும் சொல்லவில்லை என்றால் பழைய டிரேடையே மறுபடி பதிவு செய்யட்டும், திங்கட்கிழமை லைன்அப் பூட்டுவதற்குள் முடியும்படி.