படலைச் சாத்தி வையுங்கள்

கேள்வி: அக்கா, எங்கள் ஊர் மூலனூர்ப் பக்கம். மாமனார் விட்டுச்சென்ற 4 ஏக்கர் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், 22 செம்மறிகள் மேய்கின்றன. புல் தேய்ந்து தரை தெரிகிறது. வெள்வேல மரங்களை விற்றுவிட்டு, காட்டை உழுது மலைவேம்பு நடலாம் என்கிறார் கணவரின் அண்ணன். கிணற்றில் தண்ணீர் இல்லை. மில் சம்பளம் மட்டும் குடும்பத்துக்குப் போதவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: அம்மணி, மரத்தில் கோடாரி வைக்க விடாதீர்கள். இதைச் சொல்லத்தான் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் காடு வெள்ளக்கோவிலுக்குத் தெற்கே, 5 ஏக்கர். மகள் கல்யாணத்துக்காக ஒரு வருடம் 14 வெள்வேல மரங்களை விற்றேன். அடுத்த சித்திரையில்தான் செய்த தவறு தெரிந்தது. புல் காய்ந்த பிறகு மரத்தடியில் உதிரும் காய்களைத் தின்றே அதுவரை ஆடுகள் உடம்பு வாடாமல் கோடையைக் கடந்திருந்தன. அந்த வருடம் காயும் இல்லை, நிழலும் இல்லை. கடலைக்கொடியும் சோளத்தட்டும் விலைக்கு வாங்கினேன். மரம் விற்ற பணம் இரண்டே கோடையில் தீவனமாகக் கரைந்தது. இன்றும் அந்த வெற்றிடத்தைக் கடக்கும்போது மனம் வலிக்கிறது.

மலைவேம்புக்கு முதல் சில வருடங்களாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்யும் நம் சரளை மண்ணில், வறண்ட கிணற்றை நம்பி அதை எப்படி நடுவீர்கள்?

உங்கள் காட்டுக்கு வேண்டியது ஓய்வு. கிழட்டு ஆடுகளையும் கிடாய்களையும் விற்று 12 உருப்படியாகக் குறையுங்கள். முள் வெட்டிப் போட்டுக் காட்டை இரண்டாகப் பிரியுங்கள். புரட்டாசியில் ஒரு பாதியின் படலை, அதாவது வாசல் தட்டியைச் சாத்தினால், கொழுக்கட்டைப் புல் கதிர்விட்டு விதை உதிரும்வரை, மார்கழி ஆனாலும் திறக்காதீர்கள். பக்கத்து வீட்டார் கேட்டாலும், ஒரே ஒரு நாள்தானே என்று உங்கள் மனமே கேட்டாலும் திறக்கக் கூடாது. அடுத்த வருடம் மறு பாதி. புல்லின் தூர் அடியோடு போன இடத்தில் மழைக்கு முன் லேசாகக் கீறி, ஈர மண்ணோடு பிசைந்த விதையைத் தூவுங்கள். புதிதாகப் பறித்த விதை சரியாக முளைக்காது. போன வருட விதையைக் கேட்டு வாங்குங்கள்.

வெள்வேலுக்கு நாற்றுப் பண்ணையைத் தேட வேண்டாம். காய் தின்ற ஆடுகளின் புழுக்கையோடு பட்டியில் விதை கிடக்கும். இடைவெளி பார்த்து ஊன்றி, மூன்று வருடமாவது கன்றைச் சுற்றி முள் கட்டுங்கள். வெள்ளாட்டை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

ஆட்டைக் குறைத்தால் வருமானம் குறையாதா என்பீர்கள். முதல் வருடம் குறையும், மறைக்க மாட்டேன். நான் அந்த வருடத்தை, எருவுக்காகப் பிறர் வயலில் ஆடுகளைப் பட்டி போட்டு வரும் கூலியால் சமாளித்தேன். பிறகு குட்டிகள் எடை கூடிச் சந்தைக்குப் போயின. கை நிமிர்ந்ததும் ஒரு காங்கேயம் பசு வாங்கினேன். செவலையாகப் பிறக்கும் கன்று ஆறே மாதத்தில் மயிலை என்னும் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. காளைக்கன்று பிறந்தால் கண்ணபுரம் மாட்டுச் சந்தை இருக்கிறது.

கேள்வி: கிளுவை மரங்களால் ஆன உயிர்வேலியில் விழுந்த இடைவெளியை எப்படி அடைப்பது?

பதில்: இலை உதிர்ந்து நிற்கும் கோடையிலேயே கிளுவைப் போத்துகளை, அதாவது கிளைகளை, வெட்டி, மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றுங்கள். கம்பி வேலிக்குக் கடன் வாங்க வேண்டாம்.