சின்ன நாட்டில் இத்தனை பேச்சா?

கேள்வி: லிவர்பூலில் நர்ஸாக இருக்கும் என் மகளுக்கு, அங்குள்ளவர்கள் பேசும் இங்கிலீஷ் பாதி புரியவில்லையாம். பக்கத்து ஊர் போனால் அதுவும் வேறாம். இவ்வளவு சின்ன நாட்டில், சொந்த மொழியையே ஒழுங்காகப் பேசத் தெரியாதா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாமா? உங்கள் ஊரில் ‘அவனுக்க வீடு’ என்பார்கள். ஆரல்வாய்மொழி தாண்டி வள்ளியூரில் அப்படிச் சொன்னால், ‘எந்த ஊரு?’ என்று கேட்டுவிடுவார்கள். அதனால் உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று ஆகிவிடுமா? 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர், பக்கத்திலேயே மலையாளம். பேச்சில் அது இருக்கத்தான் செய்யும்.

இங்கிலாந்தும் தமிழ்நாடும் பரப்பளவில் கிட்டத்தட்ட ஒன்று, சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். பேச்சு எவ்வளவு பிரியும் என்பதற்கு நிலத்தின் அளவைவிட, மக்கள் எத்தனை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். ஆஸ்திரேலியா இந்தியாவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. ஆனால் ஆங்கிலேயர் அங்கே குடியேறத் தொடங்கியது 1788இல்தான். சிட்னிக்கும் பெர்த்துக்கும் உச்சரிப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது.

இங்கிலாந்துக் கதை பழையது. 5ஆம் நூற்றாண்டில் வட ஐரோப்பாவிலிருந்து கடல் தாண்டி வந்த ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்கள் என்ற இனத்தவர்கள் ஆளுக்கொரு பேச்சோடுதான் வந்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவின் கடலோடிகளான வைக்கிங்குகள் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். ரயில் வரும்வரை பெரும்பாலானவர்களுக்குச் சந்தையும் சம்பந்தமும் நடை தூரத்துக்குள்தான். அப்புறம் எப்படி ஒரே பேச்சாக இருக்கும்? தெற்கே மாறிய ஓர் உயிரொலி வடக்கே மாறவில்லை. லண்டன்காரரின் ‘கப்’ லிவர்பூலில் ‘குப்’ ஆவது அதனால்தான். இரண்டில் பழைய ஒலி வடக்கினுடையது! லிவர்பூல் துறைமுகம் வேறு. 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து வந்து இறங்கியவர்களின் பேச்சு அந்த ஊரில் நன்றாக ஊறிவிட்டது. 50 கிலோமீட்டர் தள்ளி மான்செஸ்டரில் பேச்சே வேறு.

‘ஒழுங்கான’ இங்கிலீஷ் என்று நீங்கள் நினைப்பது, தெற்கே பெரிய பள்ளிகளில் படித்தவர்களின் உச்சரிப்பு. பிபிசி வானொலி நெடுங்காலம் அதையே தூக்கிப்பிடித்ததால் மற்றவை மட்டமாகத் தெரிகின்றன. அந்த எண்ணத்தை மகளுக்கும் கொடுத்துவிடாதீர்கள். நோயாளி சொல்வது புரியாவிட்டால், ‘இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். வலி, மருந்து விஷயத்தில் புரிந்ததுபோல் தலையாட்டவே கூடாது.